பாவமும் கடனும்

தவறு செய்தவன் வருந்துகிறான். வருந்தியவன் மன்னிப்பை நாடுகிறான். மனித சமுதாயம் தோன்றிய நாள் முதலாக நிகழ்ந்துவரும் இவ்வனுபவத்தைச் சமயங்கள் யாவும் தத்தம் முறையில் விளக்க முற்பட்டுள்ளன. கிறிஸ்தவ சமயமோ இதனைத் தன் கோட்பாட்டின் நடுநாயகமாகவே வைத்தது. பாவம், மனஸ்தாபம், மன்னிப்பு, இரட்சிப்பு என்னும் நான்கும் அச்சமயத்தைத் தாங்கும் தூண்கள் எனின் மிகையாகாது. அவற்றின் உண்மை பொய்ம்மை பற்றி ஆராய்வது இறையியலாளரின் வேலை. வரலாற்று மாணவர்களாகிய நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. மன்னிப்பை வழங்குபவர் இறைவனேயாயினும், அது மக்களை வந்தடையும் பாதையில் நின்றவர் யாவர்? அப்பாதையில் சுங்கம் கேட்டவர் எவர்? செலுத்தியவர் எவர்?

இக்கேள்விக்கு விடை தேடுவோர்க்குப் பதினாறாம் நூற்றாண்டின் யேர்மனியைப் போன்று தெளிவான சான்று பிறிதொன்றில்லை. பாடநூல்கள் இவ்வரலாற்றைப் பெரும்பாலும் ஒரே காட்சியாகச் சுருக்கிவிடுகின்றன. 1517ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி ஒரு துறவி சுத்தியலும் கையுமாக வருகிறார். தேவாலயக் கதவில் ஒரு தாளை அறைகிறார். மத்திய காலம் முடிவெய்துகிறது. இக்காட்சி நிகழ்ந்ததா என்பதே ஐயத்துக்குரியதென 1961ஆம் ஆண்டு முதல் ஆராய்ச்சியாளர் வாதிட்டு வருகின்றனர். நிகழ்ந்ததென்றே கொள்வோம். ஆயினும் அக்கதவுக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டு வரலாறு நின்றது. அதன் முன்னால் ஓர் உழவர் எழுச்சி காத்திருந்தது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினாலன்றி அத்தாளின் பொருள் நமக்குப் புலனாகாது.

கடன் என்னும் சொல்

இயேசுநாதர் தம் சீடர்க்குக் கற்பித்த செபத்தில் மன்னிப்பைக் கோரும் பகுதி ஒன்றுண்டு. மத்தேயு எழுதிய நற்செய்தியின் கிரேக்க மூலத்தில், அவ்விடத்து நிற்கும் சொல்லின் நேர்ப்பொருள் ‘பாவம்’ அன்று, ‘கடன்’ என்பதேயாம். இயேசுநாதர் பேசிய அரமேயிக் மொழியில் கடனையும் பாவத்தையும் குறிக்க ஒரே சொல் வழங்கிற்று. யேர்மன் மொழியிலும் குற்றம், கடன் ஆகிய இரண்டுக்கும் இன்றும் சொல் ஒன்றே. பழைய ஏற்பாட்டில், லேவியராகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்திற் கூறப்படும் யூபிலி ஆண்டும் இக்கருத்துடன் தொடர்புடையது. ஐம்பதாம் ஆண்டு வரும்போது, விற்கப்பட்ட நிலம் உரியவனுக்குத் திரும்பவேண்டும். வறுமையால் அடிமைப்பட்டவன் தன் குடும்பத்திற்குத் திரும்பவேண்டும். அச்சட்டம் எந்த அளவுக்கு நடைமுறையில் இருந்தது என்பது வேறு விடயம். கடனில் மூழ்கிய விவசாயச் சமுதாயம் ஒன்றின் ஏக்கம் அச்சட்டத்திற் பதிந்துள்ளது என்பதை நாம் மறத்தலாகாது. கடனாளிக்கு விடுதலையே மன்னிப்பு. அதனை அவன் கைமுதலின்றிப் பெறுகிறான். கடன் பொறுத்தல் பற்றிய அன்றைய பேச்சை அந்நாளைய ஏழை இவ்வாறே விளங்கியிருப்பான்.

ஆதிச் சபையில் மன்னிப்பு எளிதாகக் கிடைத்ததன்று. கொலை, விபசாரம், விசுவாச மறுப்பு ஆகிய பெரும் பாவங்களைச் செய்தோர் சபையார் முன்னிலையில் நீண்டகாலம் தவமிருந்தே மீண்டும் சேர்த்துக் கொள்ளப்பட்டனர். 250ஆம் ஆண்டு உரோமப் பேரரசன் தேசியஸ் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிடவேண்டுமெனக் கட்டளையிட்டபோது, அஞ்சிப் பலியிட்ட கிறிஸ்தவர் பலர். துன்பம் நீங்கியபின் அவர்கள் திரும்பி வந்தனர். விசுவாசத்தின் பொருட்டுச் சிறையிருந்தோர் சிலர், ‘இவரைச் சேர்த்துக் கொள்க’ என அவர்கட்குப் பரிந்துரைக் கடிதங்கள் வழங்கினர். கார்த்தேஜ் நகர ஆயர் சிப்பிரியன் இவ்வழக்கத்தைக் கண்டு கலங்கினார். ஒருவர் பட்ட துன்பத்தின் பலனை மற்றொருவர் கணக்கில் எழுதலாம் என்னும் எண்ணம் இங்கே முளைகொள்வதை நாம் காண்கிறோம். ஆயினும், அக்கடிதத்தின் பின்னணியில் இருந்தது சிறைவாசமேயன்றிப் பணமன்று.

தவத்திலிருந்து தட்சணைக்கு

ஆறாம் ஏழாம் நூற்றாண்டுகளில் அயர்லாந்துத் துறவிகள் புதியதொரு முறையை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தனர். பாவத்தை இரகசியமாகக் குருவிடம் அறிக்கையிடுதல், ஒவ்வொரு பாவத்துக்கும் குறித்த அளவு உபவாசம் விதித்தல் என்பன இம்முறையின் கூறுகள். இதற்கெனப் பட்டியல் நூல்கள் எழுந்தன. பட்டியல் தோன்றியவுடன் மாற்றீடும் தோன்றியது. ஓராண்டு உபவாசத்துக்குப் பதிலாக இத்தனை சங்கீதங்கள், இவ்வளவு தானம் என மாற்றிக்கொள்ள வழி பிறந்தது. உடல் வலிமையற்றவர்பால் காட்டிய இரக்கம் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வயலில் உழைப்பவனுக்கு உபவாசமும், வசதியுள்ளவனுக்குத் தானமும் என்னும் பிரிவு இங்கேயே வேர்கொண்டுவிட்டது.

1095ஆம் ஆண்டு கிளேர்மோன் நகரிற் கூடிய சங்கத்தில், பாப்பரசர் இரண்டாம் உர்பன் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்தார். புகழையோ பொருளையோ நாடாது பக்தியொன்றினாலேயே எருசலேமை மீட்கச் செல்வோர்க்கு, அப்பயணமே தவமனைத்துக்கும் ஈடாகும் என்று சங்கம் விதித்தது. 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம் இன்னும் ஒருபடி சென்றது. தாம் செல்லாது தம் செலவிற் பிறரை அனுப்புவோரும் அதே பலனைப் பெறலாயினர். பயணத்தின் இடத்தில் பணம் வந்து அமர்ந்தது. விசுவாசி ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்தல் வேண்டும் என்ற விதியும் அதே சங்கத்தில் எழுந்ததே.

இவ்விடத்தில் கோட்பாட்டைச் சரியாக விளங்கிக் கொள்ளுதல் அவசியம். கத்தோலிக்க இறையியல், மன்னிப்பைப் பணத்துக்கு விற்கலாமென ஒருபோதும் கூறவில்லை. பாவத்தின் குற்றம் வேறு, அதற்குரிய தண்டனை வேறு என அது பகுத்தது. குற்றத்தை நீக்குவது மனஸ்தாபமும் பாவசங்கீர்த்தனமும். எஞ்சி நிற்கும் தண்டனையை இம்மையில் தவத்தாலோ, மறுமையில் உத்தரிக்கிற ஸ்தலத்திலோ தீர்த்தல் வேண்டும். இந்த எஞ்சிய தண்டனையைக் குறைப்பதே ‘பலன்’ எனப்பட்டது. பிற்காலத்தார் ‘பாவமன்னிப்புச் சீட்டு’ என வழங்குவது இதனையே. குறைப்பதற்கான முதல் எங்கிருந்து வருகிறது? கிறிஸ்துவும் புனிதர்களும் ஈட்டிய பேறுகள் அளவற்றவை; அவை ஒரு கருவூலமாகத் திருச்சபையிடம் உள்ளன; அதன் திறவுகோல் பாப்பரசர் கையில் என்று 1343ஆம் ஆண்டு ஆறாம் கிளமெந்து பிரகடனஞ் செய்தார். கருவூலம், இருப்பு, பற்று, வரவு என்னும் இச்சொற்கள் இத்தாலிய நகரங்களில் வங்கித் தொழில் வளர்ந்த காலத்துக்குரியவை என்பதை நாம் கவனித்தல் வேண்டும். தன் காலத்து வணிகன் கணக்கெழுதிய முறையிலேயே இறையியலாளனும் அருளைக் கணக்கெழுதினான்.

1300ஆம் ஆண்டு எட்டாம் பொனிபாஸ் முதலாவது யூபிலியை அறிவித்தார். உரோமாபுரிக்கு வந்து ஆலயங்களைத் தரிசிப்போர்க்குப் பரிபூரண பலன் கிடைக்கும் என்றார். நூறாண்டுக்கு ஒருமுறை எனத் தொடங்கிய யூபிலி, 1470ஆம் ஆண்டளவில் இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை எனக் குறுகியது. லேவியராகமத்தின் யூபிலி நிலத்தை ஏழைக்குத் திருப்பியது. உரோமாபுரியின் யூபிலி யாத்திரிகரை உரோமாபுரிக்குத் திருப்பியது. சொல் மாறவில்லை, பொருள் தலைகீழாயிற்று.

1476ஆம் ஆண்டு நான்காம் சிக்ஸ்துஸ் இப்பலனை இறந்தோர்க்கும் விரித்தார். உத்தரிக்கிற ஸ்தலத்தில் வருந்தும் தாய்க்காகவும் தந்தைக்காகவும் மக்கள் காணிக்கை செலுத்தலாயினர். உயிரோடிருப்பவன் தன் பொருட்டுச் செலவிடத் தயங்குவான். இறந்த தாயின் பொருட்டுத் தயங்கான். ஏழையின் நெஞ்சில் எங்கே ஈரமுண்டோ அங்கே கைவைத்த ஏற்பாடு இது.

அச்சியந்திரமும் இதற்குத் துணைநின்றது. கூட்டன்பேர்க் மைன்ஸ் நகரில் அச்சிட்டவற்றுள், திகதியுடன் கிடைக்கும் மிகப் பழையவை 1454ஆம் ஆண்டின் பாவமன்னிப்புச் சீட்டுக்களே. துருக்கியருக்கெதிராகச் சைப்பிரசைக் காப்பதற்கெனப் பணந்திரட்ட வெளியிடப்பட்ட அச்சீட்டுக்களில், பெறுபவர் பெயருக்கும் திகதிக்கும் இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. நிரப்பிக் கொள்ளும் படிவம் என்னும் பொருள் ஐரோப்பாவில் இவ்வாறே அச்சேறியது.

எதிர்ப்பே எழவில்லை எனக் கருதுதல் தவறு. 1412ஆம் ஆண்டு, போர்ச் செலவுக்கெனப் பிராக் நகரில் இப்பலன் விற்கப்பட்டபோது யான் ஹூஸ் கண்டித்துப் பேசினார். விற்பனையை எதிர்த்துக் குரலெழுப்பிய மூன்று இளைஞர்கள் சிரச்சேதம் செய்யப்பட்டனர். ஹூஸ் 1415ஆம் ஆண்டு ஜூலை 6ஆந் திகதி கொன்ஸ்ரன்ஸ் நகரில் எரிக்கப்பட்டார். லூதருக்கு நூறாண்டு முன்னரே இக்கேள்வி எழுப்பப்பட்டுவிட்டது.

ஓர் உடன்படிக்கை

1514ஆம் ஆண்டு மைன்ஸ் நகரின் பேராயர் பதவி வெறுமையாயிற்று. பேரரசனைத் தெரிவு செய்யும் எழுவருள் ஒருவர் மைன்ஸ் பேராயர். பிரண்டன்பேர்க்கை ஆண்ட ஹொகன்சொலன் குடும்பத்திடம் எழுவருள் ஒருவரின் வாக்கு ஏற்கனவே இருந்தது. அதன் இளவல் அல்பிரெக்ட் மைன்சையும் பெற்றால் இரண்டு வாக்குகள் ஒரே வீட்டிற்கு உரியனவாகும். அல்பிரெக்ட்டுக்கு அப்பொழுது இருபத்து நான்கு வயது நிரம்பவில்லை. ஆயர் பதவிக்குரிய வயதை அவர் எட்டவில்லை. மேலும், மக்டபேர்க்கின் பேராயர் பதவியும் ஹல்பர்ஸ்ரட்டின் நிருவாகமும் முன்னரே அவர் கையில் இருந்தன. ஒருவரே பல பதவிகளை வகிப்பது திருச்சபைச் சட்டத்துக்கு மாறானது. இத்தடைகளை நீக்க உரோமாபுரி பத்தாயிரம் டுக்கற் பொன் கேட்டது. பதவிக்குரிய வழமையான கட்டணம் இதற்குப் புறம்பானது. மைன்ஸ் மறைமாவட்டமோ பத்தாண்டுக்குள் மூன்றாம் முறையாக இக்கட்டணத்தைச் செலுத்தவேண்டிய நிலையில் இருந்தது.

ஓக்ஸ்பேர்க் நகரின் வங்கித் தலைவன் யாக்கோப் ஃபுக்கர் முன்வந்தான். ஏறத்தாழ 29,000 ரைன் குல்டன் கடனாக வழங்கப்பட்டது. கடனைத் தீர்க்கும் வழியும் கூடவே வகுக்கப்பட்டது. உரோமாபுரியிற் புனித இராயப்பர் பேராலயத்தைக் கட்டுவதற்கென அறிவிக்கப்பட்ட பரிபூரண பலனை, அல்பிரெக்ட் தம் ஆட்சிப் பகுதிகளில் எட்டாண்டுக்கு விநியோகிக்கலாம். 1515ஆம் ஆண்டு பாப்பரசர் பத்தாம் லியோ இதற்கு அனுமதி வழங்கினார். வருமானத்திற் பாதி பேராலயத்துக்கு. மறுபாதி ஃபுக்கரின் கடனுக்கு. பேராலயம் எழும்புகிறது என்பதை மக்கள் அறிந்திருந்தனர். வங்கியின் கடன் தீர்கிறது என்பதை அவர்கள் அறியார். பிரசங்கியாருடன் ஃபுக்கரின் முகவரும் ஊரூராகச் சென்றனர். காணிக்கைப் பெட்டி அவர்கள் கண்காணிப்பிலேயே இருந்தது.

விநியோகத்துக்கென அல்பிரெக்ட் வெளியிட்ட அறிவுறுத்தல் நமக்குக் கிடைத்துள்ளது. அதிற் காணும் கட்டண வரிசை அக்காலச் சமுதாயத்தின் படிக்கட்டை அப்படியே காட்டுகிறது. அரசரும் அரசியரும் ஆயர்களும் இருபத்தைந்து பொன் குல்டன். மடாதிபதிகளும் கோமான்களும் பத்து. அவர்க்குக் கீழ்ப்பட்ட பிரபுக்கள் ஆறு. நகர வணிகர் மூன்று அல்லது ஒன்று. அவர்க்கும் கீழ்ப்பட்டோர் அரை. பணமே இல்லாதோர் செபத்தாலும் உபவாசத்தாலும் பெறலாம், ஏழைக்கும் பரலோகம் திறந்திருத்தல் வேண்டும் என்றும் அவ்வறிவுறுத்தல் கூறுகிறது. நீதியின் பொருட்டு இதனை நாம் எடுத்துரைத்தல் வேண்டும். ஆனால், இறந்தோர்க்காகப் பலன் பெறுவோர் மனஸ்தாபப்படவோ பாவசங்கீர்த்தனம் செய்யவோ வேண்டியதில்லை, காணிக்கை இட்டாற் போதும் என்பதும் அதே அறிவுறுத்தலில் உண்டு. டொமினிக்கன் துறவியான யொகான் தெட்செல் இவ்வேலைக்கு அமர்த்தப்பட்டார். அவர் பேச்சில் கோட்பாட்டின் நுண்மைகள் மறைந்தன. பெட்டியும் காசும் உத்தரிக்கிற ஸ்தலமுமே மக்கள் செவியில் நின்றன.

சக்சனியின் இளவரசர் பிரெடரிக் தம் நாட்டில் இவ்விநியோகத்தைத் தடுத்தார். தம் குடிகளின் பணம் போட்டிக் குடும்பமான ஹொகன்சொலன் வீட்டாரிடம் சேர்வதை அவர் விரும்பவில்லை. விற்றன்பேர்க்கில் அவரிடமே பத்தொன்பதாயிரம் அளவில் திருப்பண்டங்கள் பின்னாளிற் சேர்ந்திருந்தன. அவற்றைத் தரிசிப்போர்க்கும் பலன் உண்டு. எனவே, எல்லைக்கு அப்பாலுள்ள யூற்றர்பொக், சேர்ப்ஸ்ற் ஆகிய ஊர்களுக்கு விற்றன்பேர்க் மக்கள் நடந்து சென்று சீட்டுப் பெற்று வந்தனர்.

ஒரு சொல்லின் பொருள்

விற்றன்பேர்க்கிற் பாவசங்கீர்த்தனம் கேட்ட குருக்களுள் மாட்டின் லூதர் ஒருவர். பல்கலைக்கழகத்தில் வேதாகமம் கற்பித்த ஆசிரியரும் அவரே. சீட்டை நம்பி மனந்திருந்தாதிருந்த மக்களைக் கண்டு அவர் கவலையுற்றார். 1517ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி, பணிவு மிக்க கடிதம் ஒன்றை அல்பிரெக்ட்டுக்கே எழுதி, தாம் இலத்தீனில் வகுத்த 95 வாதக் கருத்துக்களையும் அத்துடன் அனுப்பினார். கடன் உடன்படிக்கையில் அல்பிரெக்ட்டே நேர்ப் பங்காளி என்பதை லூதர் அன்று அறிந்திருக்கவில்லை.

அக்கருத்துக்களுள் முதலாவது ஒரு சொல்லைப் பற்றியது. இலத்தீன் விவிலியத்தில் ‘தவம் செய்யுங்கள்’ எனப் பொருள்படும் வகையில் மொழிபெயர்க்கப்பட்ட இடத்தில், கிரேக்க மூலம் ‘மனத்தை மாற்றுங்கள்’ என்றே கூறுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் லொறென்சோ வல்லா இதனைச் சுட்டினார். 1516ஆம் ஆண்டு எராஸ்மஸ் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு இவ்வேறுபாட்டை யாவரும் காணச் செய்தார். மனமாற்றம் என்பது வாழ்நாள் முழுவதும் நிகழ்வதாயின், அதனைக் குறித்த நாளிற் குறித்த தொகைக்கு முடித்துக் கொள்ளல் எங்ஙனம்? அகராதியிற் செய்த ஒரு திருத்தம் கருவூலத்தின் கதவை அசைத்தது. மொழியாராய்ச்சியை உலர்ந்த கல்வி எனக் கருதும் மாணவர் இதனைச் சிந்தித்தல் நன்று.

லூதரின் கருத்துக்களுட் சில ஏழையை நேரே நோக்கின. இல்லாதவனுக்குக் கொடுப்பவன் சீட்டு வாங்குபவனிலும் மேலான செயல் செய்கிறான் என்றார். தேவைக்கு மேற்பட்ட பொருளில்லாதவன் தன் வீட்டுச் செலவுக்குரியதைச் சீட்டில் விரயமாக்கலாகாது என்றார். பெருஞ்செல்வரான பாப்பரசர் ஏழை விசுவாசிகளின் பணத்தில் அன்றித் தம் சொந்தப் பணத்தில் ஏன் அப்பேராலயத்தைக் கட்டலாகாது என மக்கள் கேட்பதாகவும் எழுதினார். 1517 முடிவதற்குள் அவை நூரன்பேர்க், லைப்சிக், பாசல் ஆகிய நகரங்களில் அச்சேறின. 1518ஆம் ஆண்டு அவர் யேர்மன் மொழியில், சாதாரண மக்களுக்கு விளங்கும் நடையில் எழுதிய சிறு பிரசங்கம் இரண்டாண்டுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புக்களைக் கண்டது. சீட்டை அச்சிட்ட யந்திரமே சீட்டுக்கு எதிரான வாதத்தையும் பரப்பிற்று.

இதன்பின் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. 1520ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆந் திகதி, தம்மைக் கண்டித்த பாப்பரசரின் ஓலையை லூதர் பகிரங்கமாக எரித்தார். 1521ஆம் ஆண்டு வோர்ம்ஸ் நகரிற் பேரரசன் ஐந்தாம் சார்ள்ஸின் முன்னிலையில் தம் கருத்தை மீளப்பெற மறுத்தார். அந்தப் பேரரசனின் 1519ஆம் ஆண்டுத் தெரிவுக்குச் செலவான எட்டரை இலட்சம் குல்டனில், ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட தொகையை வழங்கியவனும் யாக்கோப் ஃபுக்கரே என்பதை இங்கு நினைவிற் கொள்வோம். இரட்சிப்பு விசுவாசத்தினால் மாத்திரமே, இறைவனின் இலவசமான அருளினாலேயே கிடைப்பது என லூதர் போதித்தார். இலவசம் என்ற அச்சொல்லை உழவர் கேட்டனர்.

உழவரின் மூன்றாம் கோரிக்கை

தென் யேர்மனியின் உழவர் வாழ்க்கையை ஒருகணம் எண்ணிப் பார்ப்போம். விளைச்சலில் தசமபாகம் கோயிலுக்கு. குத்தகையும் கூலியில்லா வேலையும் பிரபுவுக்கு. காட்டில் விறகு பொறுக்கவோ ஆற்றில் மீன்பிடிக்கவோ உரிமையில்லை. பண்ணையடிமை ஒருவன் இறந்தால், அவன் வீட்டிலுள்ள சிறந்த மாட்டையோ சிறந்த உடையையோ பிரபு எடுத்துச் செல்வான். கெம்ப்ரன் மடத்தைப் போன்ற இடங்களில் அப்பிரபு மடாதிபதியாகவே இருந்தார். இறந்தவனின் ஆன்மாவுக்கெனப் பலன் பெறக் காணிக்கை. இறந்தவனின் உடலுக்கென மரணவரி. ஒரு சாவுக்கு இருமுறை கட்டணம் செலுத்திய குடும்பத்துக்கு இறையியலும் பொருளியலும் வெவ்வேறாகத் தோன்றியிருக்க முடியாது.

1525ஆம் ஆண்டு மார்ச் மாதம், மெமிங்கன் நகரிற் கூடிய உழவர் படைகளின் கோரிக்கைகள் பன்னிரண்டு பிரிவுகளாக அச்சிடப்பட்டன. அவற்றை வகுத்தவர்கள் உரோமத்தோல் ஆடைத் தொழிலாளியான செபாஸ்தியன் லொற்சரும் பிரசங்கியார் கிறிஸ்தோப் சப்பலரும் எனக் கருதப்படுகிறது. இரு மாதத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புக்கள் வெளிவந்தன. தம் குருவைத் தாமே தெரிவு செய்யும் உரிமை முதலாவது. தானியத் தசமபாகத்திற் குருவின் செலவு போக எஞ்சுவது ஏழைக்கு என்பது இரண்டாவது. மரணவரியை ஒழித்தல் பதினோராவது. வேதாகமத்துக்கு மாறானதெனக் காட்டினால் எக்கோரிக்கையையும் விட்டுவிடுவோம் என்பது பன்னிரண்டாவது.

மூன்றாவது கோரிக்கையே நம் கட்டுரைக்கு உயிரானது. கிறிஸ்து தம் இரத்தத்தைச் சிந்தி மேய்ப்பனையும் மேலோனையும் வேறுபாடின்றி மீட்டாராதலின், நாம் அடிமைகளாக வைக்கப்பட்டிருப்பது வேதத்துக்கு ஒவ்வாது என அவ்வுழவர் வாதித்தனர். மீட்பு என்பது கிரேக்கத்திலும் இலத்தீனிலும் அடிமையை விலைகொடுத்து மீட்கும் சந்தைச் சொல்லே. பல நூற்றாண்டாக ஆன்மாவை மாத்திரம் குறித்து வந்த அச்சொல்லை, உழவர் அதன் பழைய பொருளுக்கே மீட்டனர். விலை கொடுத்தாயிற்று, சங்கிலியை அவிழ்த்து விடுங்கள் என்பதே அவர்கள் வாதத்தின் சாரம்.

லூதர் என்ன விடையிறுத்தார்? ஏப்ரில் மாதத்தில் எழுதிய நூலில் முதற் குற்றவாளிகள் பிரபுக்களே எனக் கடிந்தார். ஆனால், மூன்றாம் கோரிக்கையை ஏற்க மறுத்தார். கிறிஸ்தவ விடுதலையை இவ்வுழவர் மாமிசத்துக்குரியதாக்குகின்றனர். அடிமையும் கிறிஸ்தவனாக விடுதலையோடு வாழலாம் என்றார். மே மாதத்தில் எழுச்சி பரவியபோது அவர் குரல் முற்றாக மாறியது. கலகஞ் செய்வோரை வெட்டி வீழ்த்துமாறு பிரபுக்களைத் தூண்டினார். பிறர் செபத்தாற் பெறுவதைக் காட்டிலும் எளிதாக, இரத்தஞ் சிந்தி ஓர் இளவரசன் பரலோகத்தை அடையக்கூடிய விந்தையான காலம் இது எனவும் எழுதினார். நற்செயலால் மோட்சம் இல்லை எனப் போதித்தவரின் எழுதுகோலில், 1095ஆம் ஆண்டின் கிளேர்மோன் பிரகடனம் மறுபிறவி எடுத்ததை நாம் காண்கிறோம்.

மே 15ஆந் திகதி பிராங்கன்ஹவுசனில் உழவர் படை சிதறடிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அவர்களோடு நின்ற பிரசங்கியார் தோமஸ் மூன்சர் சித்திரவதைக்குப் பின் மே 27ஆந் திகதி மூல்ஹவுசனுக்கு அருகிற் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஓராண்டு முன்னர், மீனையும் பறவையையும் விளைவையும் தமதாக்கிக் கொண்டு, பின்னர் ‘களவு செய்யாதே’ என ஏழைக்கு உபதேசிக்கும் பிரபுக்களே களவின் மூலகாரணர் என அவர் எழுதியிருந்தார். பாவம் யாருடையது என்ற கேள்வியைத் தனிமனிதன் நெஞ்சிலிருந்து சமுதாய அமைப்புக்கு மாற்றியவர் மூன்சர். அவ்வெழுச்சியின் பலிகள் எழுபதாயிரத்துக்கும் ஓர் இலட்சத்துக்கும் இடைப்பட்டவை என மதிப்பிடப்படுகின்றன. உழவரை அடக்கிய சுவாபியக் கூட்டணிக்குக் கடன் கொடுத்தோருள் ஃபுக்கரும் ஒருவன்.

1850ஆம் ஆண்டு பிரெடரிக் ஏங்கல்ஸ், யேர்மனியின் உழவர் போர் பற்றி எழுதிய நூல், சமயத்தின் மொழியிற் பேசிய வர்க்கப் போராட்டமாக இதனை விளக்கிற்று. 1975ஆம் ஆண்டு பீற்றர் பிளிக்கிள் என்னும் வரலாற்றாசிரியர், உழவரோடு நகரத் தொழிலாளரும் சேர்ந்த பொதுமக்கள் புரட்சி இது என நிறுவினார். சமயம் இங்கே வெறும் முகமூடி அன்று என்பதை நாமும் வலியுறுத்த விரும்புகிறோம். உழவர் தம் கோரிக்கையை மறைப்பதற்காக வேதத்தை எடுக்கவில்லை. வேதத்தை நம்பியதனாலேயே அக்கோரிக்கைக்குரிய துணிவைப் பெற்றனர். ஆனால், ஒரே வேதத்தை ஒரே ஆண்டில் வாசித்த உழவனும் இளவரசனும் ஏன் வெவ்வேறு பொருள் கண்டனர் என்பதற்கு விடை வேதத்தில் இல்லை, வயலில் இருக்கிறது.

பின்வந்த காலம்

சீர்திருத்தத்தின் பலனை அறுவடை செய்தோர் பெரும்பாலும் இளவரசர்களே. மடங்களின் நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன. நன்மையே விளையவில்லை என நாம் கூறோம். 1523ஆம் ஆண்டு லைஸ்னிக் என்னும் சிற்றூர் மக்கள், கோயில் வருமானத்தைப் பொதுப்பெட்டியிலிட்டு ஏழைக்கும் அனாதைக்கும் பாடசாலைக்கும் செலவிட விதி வகுத்தனர்; அவ்விதிக்கு லூதரே முன்னுரை எழுதினார். கத்தோலிக்க திருச்சபையும் வாளாவிருக்கவில்லை. திரெந்து நகரிற் கூடிய பொதுச்சங்கம் 1562ஆம் ஆண்டு காணிக்கை திரட்டும் பிரசங்கியார் பதவியை ஒழித்தது. 1563ஆம் ஆண்டு, பலன் பற்றிய கோட்பாட்டை நிலைநிறுத்தியவாறே அதன்வழி வந்த இழிந்த ஊதியத்தைத் தடைசெய்தது. 1567ஆம் ஆண்டு ஐந்தாம் பத்திநாதர், பணத்தோடு பிணைந்த பலன்களை நீக்கினார். 1999ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி, அதே ஓக்ஸ்பேர்க் நகரில், இரட்சிப்பு இறைவனின் அருளினாலேயே என்னும் அடிப்படையில் லூதரன் சபைகளும் கத்தோலிக்க திருச்சபையும் பொது அறிக்கை ஒன்றிற் கையொப்பமிட்டன.

தமிழும் இவ்வரலாற்றுக்கு முற்றிலும் புறம்பானதன்று. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் தமிழ் அச்சேறியது. இரண்டே ஆண்டின் பின், முத்துக்குளித்துறை மக்களிடையே பணியாற்றிய அன்றிக் அடிகளார், பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டும் நூலொன்றைக் கொச்சியில் அச்சிட்டார். ஐரோப்பாவின் முதல் அச்சுக்களிற் போலத் தமிழின் முதல் அச்சுக்களிலும் பாவமும் மன்னிப்பும் இடம்பெற்றன. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு லூதரின் மரபினர். சீர்திருத்தச் சபையார் பெருக வழங்கும் ‘மனந்திரும்புதல்’ என்னும் தமிழ்ச் சொல்லில், எராஸ்மஸ் சுட்டிய கிரேக்கப் பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது.

ஓக்ஸ்பேர்க் நகரில், ஃபுக்கர் 1521ஆம் ஆண்டு சாசனஞ் செய்த ஏழையர் குடியிருப்பு இன்றும் உள்ளது. அங்கு வாழ்வோர் ஆண்டுக்குச் செலுத்தும் வாடகை அன்றைய ஒரு குல்டனுக்கு ஈடான தொகையே. இன்றைய நாணயத்தில் ஒரு யூரோவிலும் குறைவு. அத்தோடு மற்றொரு நிபந்தனையும் உண்டு: நாள்தோறும் மூன்று செபங்களை, அறநிலையத்தை நிறுவியவனின் ஆன்மாவுக்காகச் சொல்லுதல் வேண்டும். ஐந்நூறு ஆண்டுகளாக ஏழைகள் அவ்வங்கியாளனின் கணக்கில் வரவு வைத்து வருகின்றனர். அக்குடியிருப்பு பல தலைமுறைக் குடும்பங்களுக்கு நிழல் தந்தது என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால், பிராங்கன்ஹவுசனில் விழுந்த உழவருக்காக நாள்தோறும் செபிக்க எந்தச் சாசனமும் எழுதப்படவில்லை.

பாவம் உண்டா, மன்னிப்பு உண்டா என்பதில் நம் வாசகரிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம், இருப்பதும் இயல்பே. ஆயினும், விசுவாசியும் விசுவாசியல்லாதவனும் ஒருங்கே ஏற்கக்கூடிய உண்மை ஒன்றை இவ்வரலாறு நமக்குத் தருகிறது. மன்னிப்பை இலவசம் எனக் கூறுவது எளிது. அதனைக் கேட்டவன் தன் கடனையும் தன் அடிமைத்தனத்தையும் சுட்டிக் காட்டும்போதே கூறியவனின் நேர்மை சோதிக்கப்படுகிறது. உரோமாபுரி அச்சோதனையில் 1517ஆம் ஆண்டு தவறியது. விற்றன்பேர்க் 1525ஆம் ஆண்டு தவறியது. மெமிங்கன் உழவரின் மூன்றாம் கோரிக்கையை வகுப்பறையில் வாசிக்கும் ஆசிரியர், சுத்தியலும் கதவும் பற்றிய கதையோடு நிறுத்திக் கொள்ளமாட்டார் என நாம் நம்புகிறோம்.